சுதா உட்கார்ந்த வகுப்பு

கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டில் காலை நேரத்தில் நின்றிருக்கிறீர்களா? நிற்காதீர்கள். லாரிப் புகையும் வடைச் சட்டிப் புகையும் சேர்ந்து, சீவி முடித்துப் பவுடர் போட்டு வந்த முகத்தை அரைமணியில் வேறு யாருடையதோ ஆக்கிவிடும். அன்றைக்கு நான் ஹெல்மெட்டைக் கழற்றாமலே டீக்கடை ஓரமாக நின்றிருந்தேன். தூசுக்குப் பயந்து அல்ல. தெரிந்தவர் யாராவது வந்து, "இன்னா டீச்சர், இங்க நின்னுக்கினு இருக்கீங்க?" என்று கேட்டுவிடக் கூடாதே என்றுதான்.

அந்த டீக்கடைக்கு எதிரே காலையில் இரண்டு வண்டிகள் நிற்கும். ஒன்று கம்பெனி வேன். சுற்றுவட்டாரத்துப் பெண்களைச் செருப்புத் தைக்கிற கம்பெனிக்கு அள்ளிக்கொண்டு போகும். இன்னொன்று டவுன் பஸ். அதில் ஏறினால் காலேஜ். இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்துக்கு வந்து ஒரே இடத்தில்தான் நிற்கும்.

பவித்ரா எதில் ஏறப் போகிறாள் என்று பார்க்கத்தான் நான் வந்திருந்தேன்.

பவித்ரா என் மாணவி. காலேஜில் சேர்ந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அவளுடைய அப்பா ஏழுமலை கெடு வைத்த வாரம் அது. "ஒரு வாரம் பாக்கறேன் டீச்சர். அவ அக்காகாரி மாதிரி மூஞ்சத் தூக்கிக்கினு வந்தான்னா, திங்கக்கெழம வேன்ல ஏத்திவுட்டுடுவேன்" என்று என்னிடமே சொல்லியிருந்தார். அன்று திங்கட்கிழமை.

வாரம் முழுக்க அவளிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. நானாகப் போன் செய்யவில்லை. செய்தால் என்ன பதில் வருமோ என்று எனக்குப் பயம். இத்தனை வருஷம் பிள்ளைகளைப் பயமுறுத்தியே பிழைப்பு நடத்தியவள் அன்றைக்கு ஹெல்மெட்டுக்குள் ஒளிந்திருந்தேன்.

நான் வழிகாட்டி ஆன விதம்

நான் வணிகவியல் நடத்துகிறவள். டெபிட், கிரெடிட்டைத் தாண்டி வாழ்க்கையில் யாருக்கும் வழிகாட்டிய பாவம் எனக்குக் கிடையாது. எங்கள் பள்ளியில் 'உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியர்' என்ற பட்டம் என் தலையில் விழுந்ததற்கு ஒரே காரணம், அந்த ஸ்டாஃப் மீட்டிங்குக்கு நான் போகவில்லை. திண்டிவனத்தில் பல் பிடுங்கப் போயிருந்தேன். அரசுப் பள்ளியில் மீட்டிங்குக்கு வராத ஆள்தான் எல்லா வேலைக்கும் தகுதியான ஆள். நான் வீங்கிய கன்னத்தோடு திரும்பி வந்தபோது ஆர்டர் டைப் ஆகிக் காத்திருந்தது.

"மேடம், வாழ்த்துகள்" என்றார் எங்கள் தலைமையாசிரியர் தமிழரசன் சார். வாயில் பஞ்சு இருந்ததால் நான் பதில் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்.

வேலை இதுதான். பிளஸ் டூ படிக்கிற ஒவ்வொரு பிள்ளையையும் காலேஜுக்குத் தயார்செய்ய வேண்டும். முடித்தபின் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். சேராவிட்டால் வீடு தேடிப் போய், கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கிற மாதிரி வாசலில் நின்று கூப்பிட வேண்டும். சேர்ந்துவிட்டால் கம்ப்யூட்டரில் அந்தப் பிள்ளையின் பேருக்கு நேராகப் பச்சை விழும். பச்சை விழுந்ததும் எங்கள் ஹெச்.எம். முதல் மாவட்டத்து அதிகாரி வரை எல்லாரும் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்கள். அதே பிள்ளை ஒரே மாதத்தில் காலேஜை விட்டு ஓடி வந்தால் அது எந்தக் கலரிலும் விழாது.

இதற்காக விழுப்புரத்தில் எங்களுக்குப் பயிற்சி வைத்தார்கள். ஏ.சி. ஓடாத ஏ.சி. ஹால். கருத்தாளர் என்று ஒரு தம்பி வந்தார். வயது என் மகன் வயது, கோட் மட்டும் மாப்பிள்ளை கோட். முதலில் எங்களையெல்லாம் ரயில் விடச் சொன்னார். முட்டிவலிக்கார ஆசிரியைகள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு 'கூ' என்று கத்தியபடி ஹாலைச் சுற்றினோம். அதனால் எங்களுக்குள் தன்னம்பிக்கை வளர்ந்துவிட்டதாக அவரே அறிவித்தார்.

பிறகு குழுவேலை. 'காலேஜில் சேர்ந்த நம் பிள்ளைகள் ஏன் பாதியில் நிற்கிறார்கள்?' என்று சார்ட் பேப்பரில் எழுத வேண்டும். எல்லாக் குழுவும் ஸ்கெட்ச் பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதிய விடை ஒன்றுதான். ஆங்கிலம். கருத்தாளர் தம்பி "சூப்பர்" என்றார். டீயும் சமோசாவும் வந்தன. நானும் அந்தச் சமோசாவைத் தின்றுவிட்டு, ஆங்கிலம்தான் வில்லன் என்ற முடிவோடு பஸ் ஏறினேன்.

ஒருத்திய அனுப்பினது போதும்

அந்த வருஷம் பிளஸ் டூ வகுப்பில் ஒவ்வொருவராக எழுப்பி, "அடுத்து என்ன?" என்று கேட்டுக்கொண்டு வந்தேன். போலீஸ், நர்சு, 'தெரில மிஸ்', மறுபடியும் போலீஸ். வகுப்பில் நன்றாகப் படிக்கிற பவித்ரா எழுந்து, "கம்பெனி வேன் மிஸ்" என்றாள். வேலையின் பேரைக்கூடச் சொல்லவில்லை. வேனின் பேரைச் சொன்னாள்.

அன்று மாலையே அவள் வீட்டுக்கு ஸ்கூட்டரை விட்டேன். ஏழுமலை கூலிக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிவிட்டு அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஒரு தட்டு நிறைய அவித்த மல்லாட்டையை என் மடியிலேயே வைத்துவிட்டார்.

"தின்னுங்க டீச்சர். ஏரி ஓரத்து நெலத்துல வெளஞ்சது. நல்லா இனிக்கும்."

"தின்கிறேன். பவித்ராவை காலேஜுக்கு அனுப்பணும்."

"வேற எதுனா பேசுங்க" என்றார் ஏழுமலை.

"வேற பேச எனக்கு ஆர்டர் இல்லீங்க."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "பெரியவள அனுப்பினமே டீச்சர், இன்னா ஆச்சு? நீங்கதான மொத ரேங்க்குன்னு மேடையேத்தி டவரா குடுத்தீங்க? தெருவே வந்து நின்னு பஸ்சு ஏத்திவுட்டுச்சு. ரெண்டு வாரம் போனா. ஒருநாளு மத்தியானமே வந்து பைய கடாசிட்டு, 'இங்கிலீஷ் புரியல, போவ மாட்டேன்'னு மூலைல குந்திக்கினா. அதோட சரி. இன்னிக்கும் பாக்கறவன்லாம் கேக்கறான், 'இன்னாய்யா, ஒம் பொண்ணு காலேஜ முடிச்சிடுச்சா'ன்னு. ஒருத்திய அனுப்பிப் பேஜாரு பட்டது போதும்."

பெரியவள் சுதா. முந்தைய வருஷம் எங்கள் பள்ளியின் முதல் மாணவி. 'இங்கிலீஷ் புரியல' என்று அவர் சொன்னதும் எனக்கு மல்லாட்டை தொண்டையில் நின்றது. சுதாவுக்கா புரியவில்லை? எங்கள் ஹெச்.எம். மேலிடத்துக்கு எழுதுகிற ஆங்கிலத்தைப் படித்துவிட்டு நாங்கள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொள்வோம். சுதாவின் ஆங்கிலம் அதைவிட எவ்வளவோ மேல்.

சுதாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு வருஷம் என் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கேள்வி கேட்டதில்லை. புரியவில்லை என்றதில்லை. தண்ணீர் குடிக்கப் போகவா என்றுகூடக் கேட்டதில்லை. ஆண்டு விழாவில் டவராவைக் கொடுக்கும்போது மைக்கில் ஹெச்.எம். அதைத்தான் பாராட்டினார். "இந்தக் குழந்தை வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டதில்லை. தங்கம்!" ஊரே கைதட்டியது.

என் முதல் நாள்

இந்த இடத்தில் என் சொந்தப் பெருமையைக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். நான் ஒலக்கூர்ப் பக்கத்துக்காரி. நான் படித்த பெண்கள் பள்ளியில் எல்லாருமே டீச்சரம்மாக்கள்தான். காலேஜில் முதல் நாள், பெரிய மீசை வைத்த ஒரு பேராசிரியர் வருகைப் பதிவு எடுத்தார். என் பேர் வந்ததும் நான் துள்ளி எழுந்து கையை நீட்டி, பழக்கதோஷத்தில், "உள்ளேன் அம்மா!" என்றேன்.

அந்த வகுப்பு சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. மீசைக்காரரே சிரித்தார். மூன்று வருஷமும் நான் காலேஜில் 'உள்ளேன் அம்மா'தான். என் சொந்தப் பேரைத் தெரிந்தவர்கள் குறைவு. எனக்குத் தோல் தடிப்பு, தாங்கிக்கொண்டேன். நானும் சேர்ந்து சிரித்தேன். எல்லாருக்கும் அப்படித் தடித்த தோல் அமையுமா என்ன?

மூன்றாம் பெஞ்சு

சில நாள் கழித்து இதே கூட்ரோட்டில் காலை வேளையில் சுதாவைப் பார்த்தேன். நீலநிறக் கம்பெனிக் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை. வேனுக்கு நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் டீக்கடை மறைவுக்குப் போகப் பார்த்தாள். விடுவேனா? ஸ்கூட்டரைக் குறுக்கே நிறுத்தினேன்.

"சுதா, உனக்கு இங்கிலீஷ் புரியலையாமே? யார்கிட்ட கதை விடுற?"

அவள் தரையைப் பார்த்தாள். அப்புறம், எதிர்பாராமல், சிரித்துவிட்டாள். "வூட்ல சொல்லிடாதீங்க மிஸ்" என்று ஆரம்பித்தாள்.

காலேஜின் பேர் வேண்டாம். திண்டிவனத்தில் இருக்கிறதா, விழுப்புரத்தில் இருக்கிறதா என்பதும் வேண்டாம். எந்தக் காலேஜிலும் இது நடந்திருக்கும்.

முதல் நாள் பி.காம். சேர்ந்த பிள்ளைகளை மாடியில் ஒரு பெரிய அறையில் உட்காரவைத்து, ரோஜாப்பூ கொடுத்து, முதல்வர் பேசி அனுப்பியிருக்கிறார்கள். சுதாவுக்கு இடம் கிடைத்தது மூன்றாம் பெஞ்சில். மறுநாள் சுதா எல்லாருக்கும் முன்னால் போய் அதே அறையில், அதே மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

"நம்ம ஸ்கூல்ல அப்டித்தான மிஸ்? நாம குந்திக்கினு இருந்தா சார், மிஸ்ஸெல்லாம் வருவாங்க."

வந்தார்கள். ஆனால் அது புவியியல் துறையின் அறை. வந்தவர் புவியியல் பேராசிரியர். ஆறு எப்படி மண்ணை அரிக்கிறது, டெல்டா எப்படி உண்டாகிறது என்று நடத்தினார். காலேஜில் வணிகவியலை ஆற்றிலிருந்து தொடங்குவார்கள் போல என்று இவள் எழுதிக்கொண்டாள். வருகைப் பதிவில் இவள் பேர் வரவில்லை. 'நாம புதுசு, இன்னும் ஏத்தியிருக்க மாட்டாங்க' என்று சும்மா இருந்தாள். பக்கத்துப் பெண் இவளை லேட் அட்மிஷன் என்று நினைத்துக்கொண்டு, தன் சாப்பாட்டில் பங்கு கொடுத்தது.

"பக்கத்துல ஒருத்தர்கிட்ட கேக்கறதுதானே?" என்றேன்.

"பாடம் நடத்தறப்ப எப்டி மிஸ் கேக்கறது? நடத்தி முடிச்சிட்டு அவுரு போய்டுவாரு."

ரெண்டு வாரம். ரெண்டு வாரம் என் வணிகவியல் தங்கம் டெல்டாவைப் படித்திருக்கிறது. சும்மா இல்லை, தினமும் வீட்டுக்கு வந்து மனப்பாடம் செய்திருக்கிறது.

மாட்டிக்கொண்டது எப்படித் தெரியுமா? ஒருநாள் அந்தப் பேராசிரியர் ஒரு கேள்வி கேட்டார். வகுப்பில் யாருக்கும் தெரியவில்லை. சுதாவைக் கை காட்டினார். இவள் எழுந்து, கமா முற்றுப்புள்ளி விடாமல் ஆங்கிலத்திலேயே ஒப்பித்தாள். மனிதர் சொக்கிப்போய், "வெரிகுட்! உன் ரோல் நம்பர் என்னம்மா?" என்று கேட்டார்.

"பி.காம். ஃபர்ஸ்ட் இயர், சார்" என்றாள் சுதா.

வகுப்பு வெடித்தது. "பி.காமுக்கு ஆத்தங்கரையில என்னம்மா வேலை?" என்று அவரும் சிரித்திருக்கிறார். கெட்ட மனிதர் இல்லை, சிரிப்பு வந்தது, சிரித்தார். இவள் பையைத் தூக்கிக்கொண்டு கீழே வணிகவியல் துறையைத் தேடிப் போனாள். அங்கே, "இத்தன நாளா ஆப்சென்ட். அப்பாவைக் கூட்டிக்கிட்டு வா" என்றார்கள். இவள் நேராகப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டாள்.

"அப்பாகிட்ட இன்னான்னு மிஸ் சொல்றது? க்ளாஸு மாறிக் குந்திக்கினேன்னா தெருவே சிரிக்கும். இங்கிலீஷ் புரியலன்னா யாரும் சிரிக்க மாட்டாங்க."

உண்மை. எங்கள் பக்கத்தில் 'இங்கிலீஷ் புரியல' என்பது மரியாதையான காரணம். அதைச் சொன்னால் மேலே கேள்வி வராது. நாங்கள் சார்ட் பேப்பரில் கொட்டை எழுத்தில் எழுதினோமே, அந்த ஆங்கிலத்துக்குப் பின்னால் இன்னும் எத்தனை சுதாக்கள் மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்களோ!

வேன் வந்தது. அவள் ஏறிப் போனாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாததால், டீக்கடைக்காரரிடம் சர்க்கரை ஜாஸ்தி என்று சண்டை போட்டேன்.

காலேஜ் வாரம்

பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறந்ததும் ஹெச்.எம். அறைக்குப் போனேன்.

"சார், பிளஸ் டூவை ஒரு வாரம் காலேஜ் மாதிரி நடத்தப் போறேன்."

"நடத்துங்க மேடம். பேனர் அடிச்சிடலாமா?"

"பேனர் வேணாம். பெல் வேணாம். ஒரு பீரியடு ஒரு ரூம். பசங்கதான் வாத்தியாரைத் தேடி வரணும். யாரும் எழுந்து குட்மார்னிங் பாடக் கூடாது. நோட்ஸ் சொல்லித் தர மாட்டோம். ஒரு மணிநேரம் சும்மா விட்டுடுவோம்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ரிவிஷன் டெஸ்ட் நேரத்துல பசங்களை வராண்டாவுல சுத்த விடறீங்களா? மேலேர்ந்து யாராவது வந்தா நான் என்ன சொல்றது?"

"உயர்கல்வித் தயார்நிலைன்னு சொல்லுங்க சார். அந்த வார்த்தைக்கு யாரும் எதிர்த்துப் பேச மாட்டாங்க."

அது வேலை செய்தது. மதியம் வரைக்கும் மட்டும் என்று சம்மதித்தார்.

முதல் நாள் என் வகுப்பு ஆய்வகத்துக்குப் பக்கத்து அறையில். வராண்டாப் பலகையில் எழுதிப் போட்டிருந்தேன். போய் உட்கார்ந்தேன். கடைசி பெஞ்சுக்காரர்கள் நாலைந்து பேரைத் தவிர ஒருத்தரும் வரவில்லை. பாதிப் பேர் அவர்களுடைய பழைய அறையிலேயே கைகட்டி உட்கார்ந்து எனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்கள். மீதி? தேடிக்கொண்டு போனேன். அறை தெரியாமல், வாத்தியார் தெரிந்த முதல் அறையான பத்தாம் வகுப்பில் நுழைந்திருந்தார்கள். நன்றாகப் படிக்கிற கூட்டம் முழுக்க, பவித்ரா உட்பட, பின்னால் வரிசையாக உட்கார்ந்து பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலை எழுதிக்கொண்டிருக்கிறது. போன வருஷத்துக்கு முந்தைய வருஷமே படித்து முடித்த பாடம்! நோட்ஸ் சொல்லும்போது தலையே தூக்காத எங்கள் சமூக அறிவியல் சாரும், வகுப்பு திடீரென்று பெருத்துவிட்டதைக் கவனிக்கவில்லை.

கடைசி பெஞ்சுக் கூட்டம் மட்டும் எல்லா அறைக்கும் சரியான நேரத்துக்கு வந்தது. ஆச்சரியம் என்ன? வருஷக்கணக்காகப் பள்ளியைச் சுற்றியே வளர்ந்த உடம்பு. மறுநாளிலிருந்து, "இங்க இல்ல, அங்க, ஜல்தி வா" என்று முதல் ரேங்க்குகளை அவர்கள் ஓட்டிக்கொண்டு வந்தார்கள்.

சும்மா விட்ட மணிநேரம்தான் கண்றாவி. என்ன செய்வதென்று தெரியாமல் எல்லாம் கைகட்டி வாயில் விரல் வைத்து உட்கார்ந்திருந்தன. சத்தம் போடவாவது தெரிய வேண்டாமா?

அப்புறம் நான் கண்டுபிடித்த பயிற்சி. பேர் 'தப்பான ரூம்'. தினமும் ஒவ்வொருவரும் வேண்டுமென்றே ஒரு தப்பான வகுப்பில் போய் உட்கார வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து, பாடம் நடக்கும்போதே எழுந்து, "சார், இது எந்த க்ளாஸ்?" என்று கேட்க வேண்டும். அந்த வகுப்புப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன், நன்றாகச் சிரிக்க வேண்டும் என்று. சிரிப்பது ஆறாம் வகுப்புக்குக் கைவந்த கலை. மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். சிரிப்பு வாங்கிய பிள்ளை அழாமல் சரியான அறைக்கு நடந்து வர வேண்டும். அவ்வளவுதான் பரீட்சை.

பவித்ரா முதல் நாள் எழவே இல்லை. இரண்டாம் நாள் எழுந்தாள், சிரித்தார்கள், அழுதாள். "ஏன் மிஸ் இதெல்லாம்? பாடத்துல இல்லியே" என்று மூக்கை உறிஞ்சினாள். எனக்குத் தெரிந்த ஒரு பெண் கேட்காமல் உட்கார்ந்திருந்தாள் என்று மட்டும் சொன்னேன். யார் என்று சொல்லவில்லை. சுதாவுக்குக் கொடுத்த வாக்கு.

கடைசி நாள் பவித்ரா போன அறை ஹெச்.எம். அறை. உள்ளே பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. இவள் நேராகப் போய் ஒரு காலி நாற்காலியில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் கூட்டத்தைக் கேட்டுவிட்டு, எழுந்து, "சார், இது கணக்குப்பதிவியல் க்ளாஸ் இல்லியா?" என்று கேட்டிருக்கிறாள். குழுத் தலைவி அம்மா டீயைப் புடவையில் கொட்டிக்கொண்டார். "வெளியே போம்மா!" என்று ஹெச்.எம். கத்தியதை நான் ஆய்வகத்து வாசலிலிருந்து கேட்டேன்.

பவித்ரா வராண்டா நெடுக வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டே ஓடி வந்தாள்.

அன்று மாலை ஹெச்.எம். என்னைக் கூப்பிட்டு, "மேடம், உங்களுக்கு இன்னொரு பல் ஏதாவது பிடுங்க வேண்டியிருக்கா? லீவு தர்றேன்" என்றார்.

இரண்டு வண்டி

பரீட்சை முடிந்து, மார்க் வந்து, பவித்ராவுக்கு அக்கா போன அதே காலேஜில், அதே பி.காமில் இடம் கிடைத்தது. ஏழுமலை மறுபடியும், "வேற எதுனா பேசுங்க" என்றார். இந்த முறை வாசற்படியில் நின்று சுதா, "அவ போவட்டும்பா" என்றாள். அவ்வளவுதான் பேசினாள். அதன்பிறகுதான் அந்த ஒரு வாரக் கெடு.

இப்போது மறுபடி அந்தத் திங்கட்கிழமைக் காலைக்கு வருகிறேன். ஹெல்மெட்டுக்குள் வேர்த்துக்கொண்டு நான் நிற்கிறேன். ஏழுமலையின் டி.வி.எஸ். வண்டி வந்து நின்றது. பின்னால் சுதா, நடுவில் பவித்ரா. இரண்டு பேர் தோளிலும் பை. பையை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. கம்பெனிக்குப் போகிறவளும் பையோடுதான் போகிறாள்.

பவித்ராதான் என்னைப் பார்த்தாள். "மிஸ்! ஹெல்மெட்ட கயட்டுங்க மிஸ், நீங்கன்னு தெரியுது."

கழற்றினேன். கேட்டுவிட்டேன். "எந்த வண்டிடி?"

"பஸ்சுதான் மிஸ்! இன்னா கேள்வி இது?"

 "ஒரு போன் பண்ணத் துப்பில்ல, எருமை" என்று திட்டினேன். அக்காவிடம்தான் போன் இருக்கிறது, அக்கா ஓவர்டைம் முடிந்து ராத்திரி வருவதற்குள் இவள் தூங்கிவிடுகிறாள், காலையில் புறப்படுகிற அவசரம் என்றாள். வாரம் முழுக்க அக்காவோடுகூடச் சரியாகப் பேசவில்லையாம்.

"மிஸ், ஒரு கூத்து கேளுங்க" என்று அங்கேயே ஆரம்பித்தாள். "புதங்கெழம மாடியில ஒரு ரூம்ல போய் குந்திக்கினேன். மொத நாள் பூ குடுத்தாங்களே, அந்த ரூம்தான். ஒரு சாரு வந்து ஆறு, மண்ணுன்னு நடத்தினாரு. அட்டெண்டன்ஸ்ல எம் பேரு இல்ல. நான் எழுந்து, 'சார், இது பி.காம். இல்லியா?'ன்னு கேட்டேன். எல்லாரும் செம சிரிப்பு. நம்ம ஆறாங்க்ளாஸ் பசங்க அளவுக்கு இல்ல மிஸ். சாரு, 'கீழ போம்மா'ன்னாரு. போய்ட்டேன்."

ஏழுமலை வண்டியில் உட்கார்ந்தபடியே பெரிதாகச் சிரித்தார். "அட கிறுக்கு! க்ளாஸு மாறியா குந்திக்கினு இருந்த?"

நான் சுதாவைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ்ளோதானா?" என்றாள்.

"அவ்ளோதான்க்கா."

"சிரிச்சாங்க இல்ல?"

"சிரிச்சாங்க. அப்பறம் அந்த சாரு பாடத்த நடத்த ஆரம்பிச்சிட்டாரு. நான் கீழ வந்துட்டேன். நம்ம டிபார்ட்மென்ட்ல, 'ஏம்மா லேட்டு'ன்னாங்க. ரூம் மாறிட்டேன்னு சொன்னேன். குந்துன்னாங்க."

 சுதாவின் உதடு அந்த 'அவ்ளோதானா'வை மறுபடி சொன்ன மாதிரி இருந்தது.  அந்த இடத்தில் சொல்வதற்கு எனக்கு எந்தப் பயிற்சியிலும் ஒரு வார்த்தை கொடுத்ததில்லை.

வேன் முதலில் வந்தது. கதவைத் திறந்து டிரைவர் ஹாரன் அடித்தார். நீலக் கோட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். சுதா படியில் ஒரு கால் வைத்தாள். அப்புறம் இறங்கினாள். என் ஸ்கூட்டர் வரை நடந்து வந்தாள்.

"மிஸ், இந்த வருஷம் அட்மிஷன் முடிஞ்சிடுச்சா?"

"இன்னாடி கேக்கற?" என்றார் ஏழுமலை.

"உன்னக் கேக்கலப்பா. மிஸ்ஸ கேக்கறேன்."

டிரைவர் மறுபடி ஹாரன் அடித்தார். அவள் நகரவில்லை. பின்னால் வந்து நின்ற டவுன் பஸ்காரரும் சேர்ந்து அடித்தார். வேனுக்குள்ளிருந்த பெண்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தார்கள். அப்போதும் நகரவில்லை.

"சீட்டு காலியா இருந்தா ரெண்டாம் சுற்று வைப்பாங்க. கேட்டுச் சொல்றேன்" என்றேன். 

"இன்னிக்கே கேளுங்க மிஸ்" என்று சொல்லிவிட்டுத்தான் ஓடிப் போய் வேனில் ஏறினாள்.

பவித்ரா பஸ்சில் ஏறினாள். ஏழுமலை என்னையும் வேன் போன திசையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வண்டியை உதைக்க மறந்து நின்றார். நான் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்தபடியே காலேஜுக்குப் போன் போட்டேன். யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். இரண்டு வருஷம் என் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண், என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.